பத்து வயதுச் சிப்புக்குப் புதுமாப்பிள்ளை விலை

பதிவு கொஞ்சம் நீளம். பெருநாள் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு "வாப்பா, எப்ப வாங்கித் தாறீங்க?" என்று கேட்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

கொஞ்சக் காலமாக எங்கள் மாணவர்களுக்குள் ஒரு பெரிய வழக்கு நடக்கிறது. வழக்கின் பொருள் நின்டென்டோ ஸ்விட்ச். கையில் பிடித்தும் விளையாடலாம், டிவியில் போட்டும் விளையாடலாம் என்ற அந்தக் கேம் கருவி. வெள்ளவத்தைப் பக்கத்துப் பிள்ளை சொல்கிறான்: "அது செத்த சாமான். ஸ்விட்ச் 2 வந்தாச்சு. வித்துத் தள்ளு." கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளை பதில் சொல்கிறான்: "கேம் நல்லாத்தானே ஓடுது. உனக்கென்ன வந்தது?" ஒருவன் சிப், ரேம், ஃபிரேம் என்று அடுக்குகிறான். மற்றவன் மாரியோ, செல்டா, போக்கிமோன் என்று அடுக்குகிறான். இடைவேளை மணி அடித்தாலும் வழக்கு முடிவதில்லை.

இரண்டு பக்கமும் கேட்டுப் பார்த்த ஆசிரியர்கள் நாங்கள். எங்கள் தீர்ப்பு இதுதான்: இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், இரண்டு பேரும் பிழையான கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கருவி வேகமா மெதுவா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, பழசாகிப்போன சாமானின் விலை ஏன் குறையவில்லை என்பது. குறையாதது மட்டுமல்ல, ஏன் ஏறியிருக்கிறது?

முதலில் கணக்கு. எட்டாம் தரப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

ஸ்விட்ச் 2017 மார்ச் 3 ஆம் திகதி விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் விலை 299.99 டொலர். எட்டு வருடமும் ஐந்து மாதமும் கழித்து, 2025 ஆகஸ்ட் 3 ஆம் திகதி, அதே கருவியின் விலையை நிறுவனம் 339.99 டொலர் ஆக்கியது. 199.99 டொலருக்கு வந்த லைட் 229.99 ஆனது. 349.99 டொலருக்கு வந்த ஓலெட் 399.99 ஆனது. சொன்ன காரணம், "சந்தை நிலைமை". அவ்வளவுதான்.

டொலரில் இது 13 சதவீத ஏற்றம். இப்போது நம்முடைய ரூபாவுக்கு வாருங்கள். 2017 மார்ச்சில் ஒரு டொலர் ஏறக்குறைய 151 ரூபா. ஆகவே கருவி ஏறக்குறைய 45,000 ரூபா. 2025 ஆகஸ்டில் ஒரு டொலர் ஏறக்குறைய 301 ரூபா. ஆகவே அதே கருவி ஏறக்குறைய 102,000 ரூபா. வரியும் இல்லை, கொண்டுவந்த செலவும் இல்லை, கடை இலாபமும் இல்லை. வெறும் நாணய மாற்று மட்டும். இதற்கு மேல்தான் வற் வரி வந்து உட்காரும். 2017 இல் அது 15 சதவீதம், 2024 ஜனவரியிலிருந்து 18.

45,000 எங்கே, 102,000 எங்கே? இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. உயர்த்திய பிறகும் அந்த அடிப்படைச் சம்பளத்தில் இரண்டரை மாதம் போட்டால்தான் 2017 இல் பிறந்த ஒரு விளையாட்டுச் சாமான் வீட்டுக்கு வரும். அந்த இரண்டரை மாதமும் யாரும் சோறு தின்னக் கூடாது, பஸ்ஸில் ஏறக் கூடாது.

இனி அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

உள்ளே இருக்கும் மூளை என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1. 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட சிப். ஸ்விட்ச் பிறந்தபோதே அதற்கு இரண்டு வயது. இன்றைக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. ரேம் 4 ஜிபி. உள்ளே சேமிப்பு 32 ஜிபி. கையில் பிடித்தால் 720 வரித் திரை. 2019 இல் அதே சிப்பைச் சின்னதாக்கி, மின்சாரம் குறைவாகத் தின்னும்படி செய்தார்கள். அதனால் பற்றரி நேரம் கூடியது, வேகம் கூடவில்லை. 2021 இல் 7 அங்குல ஓலெட் திரையும் 64 ஜிபியும் போட்டுப் புது மொடல் என்றார்கள். திரை உண்மையிலேயே அழகு. மூளை அதே மூளை.

அதன் களைப்பு விளையாட்டில் தெரிந்தது. 2022 நவம்பரில் வந்த போக்கிமோன் ஸ்கார்லெட், வயலட் கேம்கள் அந்தக் கருவியில் இழுத்து இழுத்து ஓடின. பிறகு நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. 2023 இல் மோர்ட்டல் கொம்பட் 1 ஸ்விட்ச்சுக்கு வந்தபோது முகங்கள் களிமண் பொம்மை மாதிரி இருந்தன, விலை மட்டும் பெரிய கன்சோல்களில் போலவே 69.99 டொலர். தரத்தைப் பாதியாக்கி விலையை முழுதாக வாங்கினார்கள்.

"பார்த்தீங்களா சேர், குப்பைதானே?" என்று வெள்ளவத்தைப் பிள்ளை இந்த இடத்தில் துள்ளுவான். கொஞ்சம் பொறு மகன்.

பழைய சிப் போடுவது குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது இந்த நிறுவனத்தின் குடும்ப வழக்கம். கேம் போயை உருவாக்கிய குன்பெய் யோக்கோய் என்ற ஜப்பானியப் பொறியியலாளருக்கு ஒரு கொள்கை இருந்தது. நன்றாகப் பழகி, முற்றி, மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடு, அதைப் புதுவிதமாகப் பாவி என்பது அந்தக் கொள்கை. 1989 இல் கேம் போய் வந்தபோது அதன் திரையில் நிறம் கிடையாது, பின்னொளி கிடையாது. போட்டிக்கு வந்த அட்டாரி லிங்ஸும் சேகா கேம் கியரும் நிறத்திரை வைத்திருந்தன. வேகத்தையும் நிறத்தையும் பார்த்தால் கேம் போய் தோற்றிருக்க வேண்டும். ஆனால் கேம் கியர் ஆறு பற்றரியைச் சில மணித்தியாலத்தில் குடித்து முடித்தது. கேம் போய் நாலு பற்றரியில் நாள் கணக்காக விளையாட விட்டது. விலையும் ஏறக்குறைய 90 டொலர்தான், லிங்ஸின் விலையில் பாதி. கடைசியில் கேம் போயும் அதன் நிறத்திரைத் தம்பியும் சேர்ந்து 118 மில்லியனுக்கு மேல் விற்றன.

ஆகவே வேகம்தான் எல்லாம் என்ற வாதம் 1989 இலேயே தோற்றுவிட்டது. நாங்கள் கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் பக்கம் என்றால் இந்த ஒரு விடயத்தில்தான்.

ஆனால் யோக்கோயின் கொள்கைக்கு இரண்டு கால் இருக்கிறது. ஒன்று, பழகிய தொழில்நுட்பம் நம்பகமானது. மற்றது, அது மலிவானது. அந்த மலிவு வாங்குபவனுக்கும் வந்து சேர்ந்தால்தான் கொள்கை நடக்கும். இன்று ஒரு காலை வெட்டிவிட்டு மற்றக் காலைக் காட்டி விற்கிறார்கள். "பழைய சிப் போட்டோம், ஏனென்றால் கேம்தான் முக்கியம்" என்கிறார்கள். சரி. பழைய சிப்பின் மலிவு எங்கே? அதை மட்டும் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

இதற்கு மூன்று விதமான பதில் வருகிறது. மூன்றுக்கும் மரியாதையாக மறுமொழி சொல்கிறோம்.

முதல் பதில்: "உலகம் முழுக்கப் பணவீக்கம். 2017 இன் 300 டொலர் இன்றைய 390 டொலர் மாதிரி. அப்படிப் பார்த்தால் விலை ஏறவே இல்லை." கணக்கு சரி. ஆனால் பணவீக்கம் நேற்றுப் பிறந்ததா? சொனியின் பிஎஸ்பி 2005 இல் அமெரிக்காவில் 249.99 டொலருக்கு வந்தது. 2007 இல் 169.99 ஆகக் குறைந்தது. 2011 இல் ஐரோப்பாவில் 99.99 யூரோவுக்கு ஒரு எளிய மொடலையே விட்டார்கள். இதே நின்டென்டோ 2011 மார்ச்சில் 3டிஎஸ் கருவியை 249.99 டொலருக்கு விட்டு, விற்பனை மந்தமானதும் ஐந்தே மாதத்தில் 169.99 ஆக்கியது. வால்வ் நிறுவனம் 2022 இல் 529 டொலருக்கு விற்ற 256 ஜிபி ஸ்டீம் டெக்கை, 2023 நவம்பரில் ஓலெட் மொடல் வந்தபோது 399 ஆகக் குறைத்தது. புதுசு வந்தால் பழசு இறங்கும். இது மீன் சந்தையிலிருந்து மோட்டார் சைக்கிள் சந்தை வரை எல்லோருக்கும் தெரிந்த நியாயம். ஸ்விட்ச் 2 என்ற புதுசு 2025 ஜூன் 5 ஆம் திகதி 449.99 டொலருக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பழசு ஏறியது. இந்த நியாயம் எந்தச் சந்தையில் இருக்கிறது?

புதுப் பொருளென்றால் ஆராய்ச்சிச் செலவு, அச்சுச் செலவு, விளம்பரச் செலவு என்று சொல்லலாம். 150 மில்லியனுக்கு மேல் விற்ற பிறகும் அந்தச் செலவு தீரவில்லை என்றால் யார் நம்புவது?

இரண்டாவது பதில் நம்முடைய கடைக்காரர்களிடமிருந்து: "டொலர் ஏறினால் நாங்கள் என்ன செய்ய?" இதில் உண்மை இருக்கிறது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டதும் 200 இல் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 வரை ஓடியது நம் எல்லோருக்கும் ஞாபகம். ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அந்த நாட்களில் புறக்கோட்டையில் ஒரு சார்ஜர் வாங்கக்கூட விலை கேட்டுத் திரும்பி வந்தவர்கள் நாம். கடைக்காரரின் கஷ்டத்தை மறுக்கவில்லை. ஆனால் டொலர் 360 இலிருந்து 300 அளவுக்கு இறங்கியபோது விலை எவ்வளவு இறங்கியது? ஏறும்போது லிஃப்ட், இறங்கும்போது படிக்கட்டு. இன்னொன்றையும் கேட்கிறோம். நாலைந்து வருடத்துக்கு முந்திய ரூபாவில் வாங்கி, ஒருவர் ஆசைதீர விளையாடி முடித்த கருவியை "டொலர் ஏறிட்டுது" என்று சொல்லி வாங்கிய விலைக்கே விற்பது எந்தக் கணக்கு? அந்தக் கருவி நேற்றா கப்பலில் வந்து இறங்கியது?

மூன்றாவது பதில் பெரியவர்களிடமிருந்து: "கேம் விளையாடுவதே வீண். இதற்கு ஏன் பதிவு?" ஐயா, தாத்தா, நாநா, உங்கள் கவலை எங்களுக்கும் உண்டு. புலமைப்பரிசில், சாதாரண தரம் என்று பிள்ளைகளோடு ஓடுபவர்கள் நாங்கள். ஆனால் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது படிப்புக்காக என்று நாமே பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தோம். பாடசாலை திறந்த பிறகும் அந்தப் போன் நம் கைக்குத் திரும்பி வரவில்லை. இன்று பிள்ளை விளையாடுவது போனில். அதில் நிமிடத்துக்கொரு விளம்பரம். காசு கேட்கும் பெட்டிகள். யாரென்று தெரியாதவர்களின் குரல். இதோடு ஒப்பிட்டால் ஒரு கார்ட்ரிட்ஜைப் போட்டு, இணையம் இல்லாமல் விளையாடி, நிறுத்தி மூடிவைக்கும் கருவி எவ்வளவோ மேல். ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் என்று பெற்றோரே கட்டுப்பாடு போடவும் அதில் வழி இருக்கிறது. நல்லது எது என்று தெரிந்த தகப்பன், விலையைப் பார்த்துவிட்டு மறுபடி போனையே கொடுத்துவிட்டுப் போகிறான். எங்களுடைய கோபமே அதில்தான்.

இப்போது நம் ஊருக்குள் நடக்கும் கதைக்கு வருவோம். இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை.

வெள்ளவத்தையில் மாடிவீட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமா வரும்போது ஸ்விட்ச் 2 வருகிறது. அந்தப் பிள்ளையின் பழைய ஸ்விட்ச் விற்பனைக்குப் போகிறது. அதை வாங்குவது யார்? கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் நாலு பேர் இருக்கும் வீட்டுப் பிள்ளை. இரண்டு வருடப் பெருநாள் காசு, உம்மாவின் சீட்டுக் காசில் ஒரு பங்கு, வாப்பாவின் ஓவர்டைம். அவ்வளவும் சேர்ந்து ஒரு பாவித்த கருவிக்குப் போகிறது. அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. கருவி பழுதானால் மாமா அனுப்ப மாட்டார்.

அப்படிப்பட்ட பிள்ளையின் தலையில்தான் எல்லாக் குறையும் வந்து விழுகிறது. ஜோய்கொன் என்ற பக்கக் கைப்பிடியில், விரலே வைக்காமல் பாத்திரம் தானாக நடக்கும் ஒரு நோய் உண்டு. டிரிஃப்ட் என்பார்கள். அமெரிக்காவில் 2019 இலேயே இதற்கு வழக்குப் போட்டார்கள். 2020 இல் நிறுவனத் தலைவரே வருத்தம் தெரிவித்தார். 2023 இல் ஐரோப்பாவில் உத்தரவாதக் காலம் முடிந்த பின்னும் இலவசமாகத் திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். கொழும்பில் பாவித்த கருவி வாங்கிய பிள்ளைக்கு எந்த ஐரோப்பா? புது ஜோய்கொன் சோடி ஒன்று வந்தபோதே 80 டொலர். 2025 ஆகஸ்ட் மாற்றுக்கு அது ஏறக்குறைய 24,000 ரூபா.

பற்றரியும் அப்படியே. 2017 மொடலுக்கு இரண்டரை முதல் ஆறரை மணித்தியாலம், 2019 மொடலுக்கு நாலரை முதல் ஒன்பது மணித்தியாலம் என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது. இரண்டையும் மேசையில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் "ஸ்விட்ச்தானே" என்று ஒரே விலையைச் சொல்லி விற்றுவிடுகிறார்கள். ஏழெட்டு வருடம் தேய்ந்த பற்றரி என்றால் புதுசில் சொன்ன அந்த நேரமும் இல்லை.

இந்த இடத்தில் முஸ்லிம் வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. பொருளில் ஐபு இருந்தால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பதை நாம் மக்தபிலேயே படித்தவர்கள். அரிசி மூட்டைக்கு ஒரு நியாயம், கேம் கருவிக்கு இன்னொரு நியாயம் என்று மார்க்கத்தில் கிடையாது. டிரிஃப்ட் இருப்பது தெரிந்தும் "நல்ல கண்டிஷன்" என்று எழுதி ஒரு பிள்ளையின் பெருநாள் காசை வாங்குவது வியாபாரத் திறமை அல்ல. இதை மற்றச் சமூகத்து வியாபாரிகளுக்கும் அன்போடு சொல்கிறோம். நேர்மையாகச் சொல்லி விற்கும் கடைகளும் இருக்கின்றன. அவர்களுக்குக் கூட்டம் சேர்ப்பது நம் கையில்.

சரி, என்ன செய்யலாம்?

1. வாங்குமுன் கருவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மொடல் இலக்கம் 001 என்று மட்டும் முடிந்தால் அது 2017 இன் முதல் மொடல். 001 க்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 01 என்றும் இருந்தால் பற்றரி கூடிய 2019 மொடல். இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால் எழுந்து வாருங்கள்.

2. கடையிலேயே பத்து நிமிடம் விளையாடிப் பாருங்கள். செட்டிங்ஸில் குச்சியைச் சரிபார்க்கும் இடம் இருக்கிறது. கையை எடுத்த பிறகும் புள்ளி நகர்ந்தால் அது டிரிஃப்ட். அதைத் திருத்தும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

3. இணையத்தில் இணைத்துப் பாருங்கள். திருட்டுக் கேம் போட்டதற்காக நிறுவனம் தடைசெய்த கருவி வெளியே பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கும். இணையத்தில் போனால்தான் அதன் வண்டவாளம் தெரியும்.

4. 2017 மொடலுக்குப் புதியதன் பாதி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். இது சட்டம் அல்ல, எங்கள் கணக்கு. புதிய லைட் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். லைட்டை டிவியில் போட முடியாதுதான். ஆனாலும் புதிய லைட்டின் விலையைப் பழைய பெரிய ஸ்விட்ச் தொட்டால், யாரோ உங்களை விளையாடுகிறார்கள்.

5. பற்றுச்சீட்டுக் கேளுங்கள். அதில் மொடல், பாவித்ததா புதியதா, எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் விவகார அதிகாரசபை இருக்கிறது. 1977 க்கு அழையுங்கள். கேம் சாமானுக்கு யார் முறைப்பாடு செய்வது என்று வெட்கப்பட வேண்டாம். காசு காசுதான்.

6. கார்ட்ரிட்ஜை மாற்றி மாற்றி விளையாடுங்கள். ஒரு புதுக் கேமின் விலை சில வேளை ஒரு மாத டியூஷன் காசைத் தாண்டுகிறது. வெள்ளவத்தைப் பிள்ளை முடித்த கேம் கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குப் புதுக் கேம்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு. வெள்ளவத்தை மகன், உன் கருவி வேகமானது, சந்தோஷம். பழையதை விற்கும்போது அதன் வயதைச் சொல்லி, வயதுக்கேற்ற விலைக்கு வில். கொட்டாஞ்சேனை மகன், உன் கருவியில் கேம் நன்றாக ஓடுகிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் "கேம் நல்லம்" என்பதற்காக, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வராதே. கேம் நல்லம் என்பது கேமைச் செய்தவர்களின் திறமை. பழைய பெட்டிக்குப் புது விலை போட அது காரணம் ஆகாது.

நீங்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் சண்டை பிடிக்கும் வரை விலை போடுகிறவனுக்கு நிம்மதி. இரண்டு பேரும் ஒன்றாகக் கடைக்குப் போய், "இது எத்தனையாம் ஆண்டு மொடல்?" என்று கேட்கும் நாளில்தான் அவன் கல்குலேட்டரை மறுபடி எடுப்பான்.

பெற்றோர் குழுக்களில் பகிருங்கள். கடை வைத்திருப்பவர்களும் கீழே வந்து பதில் எழுதுங்கள். கோபப்படாமல் வாசிப்போம்.